சனிக்கிழமை ஆடாத ஆட்டம்

லின்ஸி ஹாலம் விம்பிள்டனில் முதல் ஆட்டத்தைத் தாண்டிப் போனதே இல்லை. இருபது வயதில் முதன்முதலாக அங்கே போனவள், இப்போது முப்பத்து மூன்று. இடைப்பட்ட வருடங்களில் ஒற்றையரில் தோற்றாள், இரட்டையரில் தோற்றாள், கலப்பு இரட்டையரிலும் விட்டுவைக்காமல் தோற்றாள். திங்கட்கிழமை வருவாள், வியாழனுக்குள் மூட்டை கட்டிவிடுவாள்.

வடக்கே ராதர்ஹாமில் பேருந்து ஓட்டிக்கொண்டிருந்த அவள் அப்பா ரெஜ், மகளின் ஆட்டத்தை அங்கே ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. வார நாட்களில் அவருக்கு விடுப்புக் கிடைக்காது. சனிக்கிழமைவரை தாக்குப்பிடி, வந்து பார்த்துவிடுகிறேன் என்று வருடா வருடம் சொல்வார். அவர் ஓய்வு பெற்றே மூன்று வருடம் ஆகிறது. நினைத்தால் எந்தக் கிழமையும் வரலாம். ஆனாலும் சனிக்கிழமைப் பேச்சை விடவில்லை. புதன்கிழமை வந்து, மகள் தோற்பதைப் பார்த்துவிட்டால் அவளுக்குச் சங்கடமாக இருக்குமே என்று அவருக்குள் ஒரு கணக்கு. ஹாலம் வீட்டில் எல்லாருமே இப்படித்தான். அடுத்தவருக்கு வராத சங்கடத்தையும் முன்கூட்டியே கண்டுபிடித்துத் தடுத்துவிடுவார்கள்.

இதுதான் கடைசி வருடம் என்று லின்ஸி முடிவு செய்திருந்தாள். செப்டம்பரில் ஷெஃபீல்டில் ஒரு கிளப்பில் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கும் வேலை காத்திருந்தது. வலது தோள் பல வருடமாகவே முனகிக்கொண்டிருந்தது. உள்ளூர்க்காரர்களுக்குத் தரும் சிறப்பு அழைப்பில் அவளுக்கும் டீகன் ரட்ஜுக்கும் இரட்டையர் பிரிவில் இடம் கிடைத்தபோது, ஒரே ஒரு ஆட்டம் ஜெயித்துவிட்டால் போதும், நிம்மதியாக மட்டையைக் கீழே வைத்துவிடலாம் என்று நினைத்தாள்.

டீகன் டட்லிக்காரி, பத்தொன்பது வயது. இரண்டு வருடத்துக்கு முன், மழையில் ஊறிப்போன நாட்டிங்ஹாம் போட்டியில் இருவரையுமே அவரவர் ஜோடி கைவிட்டுப் போனதால் வேறு வழியில்லாமல் சேர்ந்தவர்கள். அதன்பிறகு பிரியவில்லை. அடிப்பதற்கு டீகன், யோசிப்பதற்கு லின்ஸி என்று மற்றவர்கள் சொல்வார்கள். மூளை இருந்தால் இந்த வயதில் வலைக்கு முன்னால் நின்று மூக்கை நீட்டிக்கொண்டிருப்பாளா என்று டீகன் கேட்பாள். போன வருடம் ஒரு பந்து நிஜமாகவே லின்ஸியின் மூக்கைப் பதம் பார்த்தது. அன்று டீகன் சிரித்த சிரிப்பில் நடுவரே ஆட்டத்தை நிறுத்தவேண்டி வந்தது.

அந்த டீகன்தான் புதன்கிழமை, ஒற்றையர் இரண்டாம் சுற்றில், உலகின் மூன்றாம் நிலை வீராங்கனையை நேர் செட்களில் தோற்கடித்து நாட்டையே தலைகால் புரியாமல் ஆடவைத்தாள். அதுவரை டட்லி எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியாத செய்தி வாசிப்பாளர்கள் அவள் படித்த பள்ளிக்கூட வாசலில் போய் நின்றார்கள். புதிய தலைமுறை வந்துவிட்டது என்றார்கள். நாட்டுக்கு நாலு திறமைசாலிகள் கிடைத்துவிட்டார்கள் என்று ஒரு பத்திரிகை எழுதி, டீகனோடு இன்னும் மூன்று பிள்ளைகளின் படத்தையும் போட்டது. அந்த மூன்று பேரும் செவ்வாய்க்கிழமையே தோற்றுப்போய்விட்டார்கள் என்பதைப் பத்தியின் கடைசியில் சின்ன எழுத்தில் சொல்லியிருந்தது. இந்த நாட்டுக்கு வருடத்தில் இரண்டு வாரம்தான் டென்னிஸ் ஞாபகம் இருக்கும். அந்த இரண்டு வாரத்தில் யாரையாவது தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடியாகவேண்டும்.

வியாழக்கிழமை ஓரத்துக் கோர்ட் ஒன்றில் இரட்டையர் முதல் சுற்று. டீகனைப் பார்க்க வந்த கூட்டம் வேலிக்கு வெளியே நாலு வரிசைக்கு நின்றது. லின்ஸி அவ்வளவு கூட்டத்துக்கு முன்னால் ஆடியதே இல்லை. மூன்றாவது செட் முடியப்போகும் நேரம், டீகனின் சர்வீஸ் எகிறி வந்ததை எதிராளி தடுமாறித் திருப்ப, லின்ஸி வலையோரம் தாவி மூலையில் தட்டிவிட்டாள். அவ்வளவுதான். பதின்மூன்று வருடத்துக் காத்திருப்பு அப்படிச் சட்டென்று முடிந்துபோனதில் அவளுக்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது. டீகன் ஓடிவந்து அவளைக் கட்டிப்பிடித்துத் தூக்கிச் சுற்றினாள்.

அன்று சாயங்காலம் அப்பாவுக்குத் தொலைபேசியில் சொன்னாள். "இரண்டாவது சுற்று சனிக்கிழமைப்பா."

மறுமுனையில் ரெஜ் அலமாரிக் கதவைத் திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு, "எந்தச் சட்டையைப் போட்டுக்கிட்டு வர்றது?" என்று கேட்டார்.

வெள்ளிக்கிழமை மழை விட்டு விட்டுப் பெய்தது. டீகனின் மூன்றாம் சுற்று மதியம் ஆரம்பித்து, கோர்ட்டைத் தார்ப்பாய் போட்டு மூடி, திறந்து, மறுபடி மூடி, ஒருவழியாக மூன்று செட்டில் அவள் ஜெயித்து முடித்தாள். நாலாம் சுற்று ஞாயிற்றுக்கிழமை, சென்டர் கோர்ட்டில். நடுவில் சனிக்கிழமை இரட்டையர் ஆட்டம்.

பயிற்சிக் கோர்ட்டுகளுக்குப் பின்னால் லின்ஸி உடம்பைத் தளர்த்திக்கொண்டிருந்தபோது டீகனின் பயிற்சியாளர் நைஜல் கோப் வந்தார். கையில் இரண்டு காகிதக் குவளையில் தேநீர். நைஜல் யாருக்கும் தேநீர் வாங்கித் தருகிறவர் இல்லை. அப்போதே லின்ஸிக்குச் சுருக்கென்றது.

மழையைப் பற்றிப் பேசினார். புல் எப்படி வழுக்குகிறது என்று பேசினார். வியாழக்கிழமை அவள் அடித்த கடைசி அடியைப் புகழ்ந்தார். சுற்றி வளைத்து, பூசி மெழுகி, கடைசியில் விஷயத்துக்கு வந்தார்.

"நான் ஒண்ணும் கேக்க வரலை லின்ஸி. அதை முதல்லயே சொல்லிடுறேன். புள்ளைக்கு நாளைக்கு ஒருநாள் ஓய்வு கிடைச்சா ஞாயித்துக்கிழமைக்கு நல்லது. ஆனா அவ விலகினா டாக்டர் பார்க்கணும், எங்க அடிபட்டுச்சுன்னு பேப்பர்காரங்க பிச்சுப் பிடுங்குவாங்க. எதிர்ல ஆடப்போறவளுக்கு அதைவிட நல்ல சேதி வேற வேணுமா?" தேநீரை ஒரு வாய் குடித்தார். "உன் தோள் எப்படி இருக்கு? சும்மாதான் கேக்குறேன்."

"தோளுக்கென்ன, கழுத்துக்குக் கீழ அங்கேயேதான் இருக்கு."

நைஜல் சிரித்துவைத்தார். டீகனிடம் இதைப் பற்றி இன்னும் பேசவில்லை, காரில் போகும்போது பேசப்போகிறேன் என்றார். யோசித்தால் சரி, யோசிக்காவிட்டாலும் ஒன்றுமில்லை என்றார். பார்க்கிறேன் என்றாள் லின்ஸி. அவளுடைய ஊரில் பார்க்கிறேன் என்ற வார்த்தைக்குச் சரி என்றும் பொருள் உண்டு, முடியாது என்றும் உண்டு, போய்த் தொலை என்றும் உண்டு. அவள் மூன்றாவதைத்தான் சொன்னாள்.

சவுத்ஃபீல்ட்ஸில் ஓர் ஆசிரியர் வீட்டின் மாடியை அவளும் டீகனும் அந்த இரண்டு வாரத்துக்கு வாடகைக்கு எடுத்திருந்தார்கள். அங்கே நடந்துபோகும்போது லின்ஸிக்கு ஆத்திரம் ஏறிக்கொண்டே போனது. எத்தனையோ வருடம் எத்தனையோ ஊரில் அடுத்தவர்களின் வசதிக்காக ஒதுங்கி நின்றாகிவிட்டது. இது என் ஆட்டம், அப்பா வருகிறார், நான் ஆடத்தான் போகிறேன் என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டாள். நாயைக் கூட்டிக்கொண்டு போன ஒருவர் அவளைத் திரும்பிப் பார்த்தார். நைஜல் மறுபடி கேட்டால் முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்வதாக முடிவு செய்து, படியேறும்போதே அந்த வாக்கியத்தைத் தயார் செய்து வைத்துக்கொண்டாள். மேலே போய்ச் சனிக்கிழமைக்கான வெள்ளை உடுப்பைத் தேய்த்து, நாற்காலி முதுகில் போட்டாள்.

வெளியே இன்னும் நல்ல வெளிச்சம் இருந்தது. கீழே கார்க் கதவு அறைந்து சாத்தப்படும் சத்தம் கேட்டது. படியில் டீகனின் காலடி. அவள் எப்போதும் இரண்டிரண்டு படியாகத் தாவி வருவாள். இன்றைக்கு ஒவ்வொரு படியாக வந்தாள்.

கதவைத் தட்டிவிட்டு உள்ளே வந்து நின்றாள். கண் சிவந்திருந்தது. பார்வை தன் காலுறையின் மேலேயே இருந்தது.

"லின்ஸ், உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

இந்த வாக்கியத்தை லின்ஸி இதற்குமுன் நாலு பேர் வாயிலிருந்து கேட்டிருக்கிறாள். நாலு பேரும் அவளுடைய ஜோடிகள். நாலு பேரும் இதே மாதிரி காலைப் பார்த்துக்கொண்டு நின்றவர்கள். ஒருத்திக்குத் தரவரிசையில் மேலே இருந்த பெண் கிடைத்துவிட்டாள். ஒருத்தியின் பயிற்சியாளர் ஜோடியை மாற்றச் சொல்லிவிட்டார். மற்ற இருவரும் காரணம் சொல்லாமல் அழுதார்கள், அவர்களைத் தேற்றும் வேலையும் லின்ஸி தலையிலேயே விழுந்தது. கடைசித் தடவை ரயில் நிலையத்தில் நின்று அப்படிக் கேட்டுக்கொண்டிருந்தபோது, இனிமேல் யாரும் எனக்கு இதைச் சொல்லும்படி விடமாட்டேன் என்று அவள் நினைத்துக்கொண்டது உண்டு.

தயார் செய்து வைத்திருந்த வாக்கியம் நைஜலுக்கானது. இந்த முகத்துக்கு அவளிடம் வாக்கியம் இல்லை. பாவம், விலகுவதைச் சொல்ல இந்தப் பிள்ளையையே அனுப்பிவிட்டாரே அந்த ஆள் என்று மனது இளகியது. இளகியது மட்டும் என்று சொன்னால் பொய். ஐந்தாவது தடவையாகக் கைவிடப்பட்டவளாக நிற்க அவளுக்குப் பிடிக்கவில்லை. விலகுவதானால் தானே விலகியதாக இருக்கட்டும் என்ற வீம்பும் அதில் பாதிக்குப் பாதி இருந்தது.

"இரு, முதல்ல நான் சொல்லிடுறேன்," என்று முந்திரிக்கொட்டை மாதிரி முந்திக்கொண்டாள். "என் தோள் போயிடுச்சு கண்ணு. மத்தியானத்துலேருந்து கையைத் தூக்க முடியலை. நாளைக்கு ஆட முடியாதுன்னு நினைக்கிறேன்."

டீகன் நிமிர்ந்து பார்த்தாள். கட்டில் விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள்.

"ரொம்ப வலிக்குதா?"

"ஆமா."

"ஊசி கீசி போட்டாக்கூட சரியாகாதா? நாளைக்குக் காலையில வரைக்கும் பார்ப்போமே."

எவ்வளவு நாசூக்கான பெண், மனதுக்குள் அப்பாடா என்று இருந்தாலும் வெளியே காட்டிக்கொள்ளாமல் கேட்கிறாளே என்று லின்ஸி நினைத்தாள். சரியாகாது என்றாள். பத்து வருடத்துத் தேய்மானம் என்றாள். நாற்காலியில் கிடந்த உடுப்பை எடுத்து, பேசிக்கொண்டே மடித்துப் பெட்டிக்குள் வைத்தாள்.

"நீ என்னவோ சொல்லணும்னியே?"

"ஒண்ணுமில்லை." டீகன் எழுந்தாள். "இப்ப அதுக்கு அர்த்தமில்லை. நீ தோளைப் பார்த்துக்க."

அப்பாவிடம் சொல்வதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது. விடியற்காலைப் பேருந்துக்குச் சீட்டு வாங்கியிருந்தார். ரொட்டிக்கு நடுவில் வைக்கப் பன்றி இறைச்சியை வேகவைத்து ஆறவைத்திருந்தார். தோள் என்று அவள் சொன்னதும், தோள்தான் முக்கியம், ஆட்டம் எங்கே போகிறது என்றார். ஆட்டம் போய்விட்டது என்பது இருவருக்கும் தெரியும்.

"எனக்கும் அவ்வளவு ஒண்ணும் ஆசையில்லம்மா. அத்தனை தூரம் உக்காந்து வந்தா முதுகு பிடிச்சுக்கும். டிவியிலயே நல்லாத் தெரியும்."

அந்த வாரம் அவர் புதிதாக ஒரு கோட்டு வாங்கினார் என்பதை லின்ஸியின் அக்கா மறுநாள்தான் சொன்னாள். அதைத் திருப்பிக் கொடுக்கவும் மனசில்லாமல், போட்டுக்கொள்ளவும் மனசில்லாமல் அலமாரியில் மாட்டிவிட்டாராம்.

சனிக்கிழமை காலை போட்டி மருத்துவர் லின்ஸியின் தோளை அழுத்திப் பார்த்தார். நடிக்க வேண்டிய அவசியமே இல்லை, அழுத்திய இடமெல்லாம் வலிக்கத்தான் செய்தது. இதை வைத்துக்கொண்டு இத்தனை நாள் எப்படி ஆடினாய் என்று அவர் பரிவாகக் கேட்டபோது லின்ஸிக்கு அழுகை முட்டியது. வலியோடுதானே இத்தனை வருடம் ஆடினாள். இன்றைக்கும் ஆடியிருப்பாள். ஹாலம் காயம், ஜோடி விலகல் என்று அறிவிப்புப் பலகையில் வந்தது. வெளியே நைஜல் எதிர்ப்பட்டார். பெரிய மனசு என்று மட்டும் முணுமுணுத்துவிட்டு, சொல்லிவைத்தாற்போல் வலிக்கும் தோளிலேயே தட்டிக்கொடுத்துப் போனார்.

அவர்கள் ஆடியிருக்கவேண்டிய கோர்ட்டின் பக்கம் போகக்கூடாது என்று நினைத்தவள், போய்விட்டாள். அங்கே யாரோ இருவர் யாரோ இருவரோடு ஆடிக்கொண்டிருந்தார்கள். வெயில் அடித்தது. அந்த வாரத்திலேயே நல்ல நாள் அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை டீகன் தோற்றாள். தோற்றதுகூடப் பெரிதில்லை, ஆடிய விதம்தான். கால் நகரவில்லை. சென்டர் கோர்ட்டின் அத்தனை சத்தத்துக்கும் நடுவில், தனியாக வழி தெரியாமல் நிற்கிறவள் மாதிரி நின்றாள். முதல் செட்டில் ஒரே ஒரு கேம்தான் எடுத்தாள், இரண்டாவதில் இரண்டு. வெளியே புல்மேட்டில் பெரிய திரைக்கு முன்னால் கொடி பிடித்துக்கொண்டிருந்தவர்கள் பாதியிலேயே சாப்பாட்டுக் கூடைகளைக் கட்ட ஆரம்பித்தார்கள். முதல்நாள்வரை நாட்டின் மகளாக இருந்தவள், அன்று மாலைச் செய்தியில் மறுபடியும் டட்லி பெண் ஆகிவிட்டாள். வயதிருக்கிறது, அனுபவம் வரும் என்று வாசித்துவிட்டு அடுத்த செய்திக்குப் போனார்கள்.

மாடிக்கு டீகன் வந்தபோது லின்ஸி ரொட்டியை வாட்டி, டப்பாவில் வரும் தக்காளிச்சாற்று அவரைப்பருப்பைச் சூடுபண்ணி வைத்திருந்தாள். அவளுடைய பெட்டியும் மட்டைப் பையும் கதவோரம் தயாராக இருந்தன. டீகன் கொஞ்சம் சாப்பிட்டாள். நைஜலை அனுப்பிவிட்டாயா, கீழே கார் இல்லையே என்று லின்ஸி பேச்சுக்குக் கேட்டாள்.

"அவரை வெள்ளிக்கிழமையே அனுப்பியிருக்கணும்." டீகன் முள்கரண்டியைக் கீழே வைத்தாள். "உன்கிட்ட சொல்லலை. சொல்லி என்னத்துக்குன்னு விட்டுட்டேன். அன்னைக்கு கார்ல பெரிய சண்டை. இரட்டையரை விட்டுடுன்னார். நீங்க வேணா வேலையை விடுங்க, நான் லின்ஸியை விடமாட்டேன்னு சொன்னேன். கத்தினேன். அழுதுட்டேன்கூட. கடைசியில சரின்னுட்டார். அதைச் சொல்லத்தான் உன் ரூமுக்கு வந்தேன்."

லின்ஸி அடுப்பின் பக்கம் திரும்பி, ஏற்கெனவே அணைந்திருந்த அடுப்பை மறுபடி அணைத்தாள்.

"வந்து பார்த்தா உன் தோள்," என்றாள் டீகன். "சனிக்கிழமை முழுக்க அவரோட ரூம்ல உக்காந்து வீடியோ பார்த்தேன். பைத்தியமே பிடிச்சிடும்போல இருந்துச்சு. நாம ஆடியிருந்தா நீ எதாவது உளறியிருப்பே, நான் சிரிச்சிருப்பேன். இன்னைக்கு உள்ள போகும்போது சிரிச்சு ரெண்டு நாளாச்சேன்னு தோணுச்சு." அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "உன் தப்பில்லை. வலியை யாரால என்ன பண்ண முடியும்."

சொல்லிவிடலாம் என்று லின்ஸியின் வாய்வரை வந்தது. புதிதாக வலி ஒன்றும் இல்லை, நானும் ஆடத்தான் நினைத்தேன், சட்டைகூடத் தேய்த்து வைத்திருந்தேன். சொன்னால் அவள் கேட்பாள், பின்னே ஏன் அப்படிச் சொன்னாய் என்று. அதற்கு ஒரே ஒரு பதில்தான் இருந்தது. நீயும் மற்ற நாலு பேர் மாதிரி என்னைக் கழற்றிவிட வந்திருக்கிறாய் என்று நினைத்தேன். தனக்காக நாட்டின் எதிர்பார்ப்பையும் பயிற்சியாளரையும் எதிர்த்து, அழுதுவிட்டு வந்து நின்ற பெண்ணை, வாயைத் திறக்கக்கூட விடாமல் அப்படி நினைத்துவிட்டாள். ஒரு நிமிடம் பொறுத்திருந்தால் போதும். தன் வாழ்நாளில் யாராவது வந்து சொல்லமாட்டார்களா என்று அவள் ஏங்கிய ஒரே வார்த்தையைத் தானே தடுத்துவிட்டாள். இதை இவளிடம் எப்படிச் சொல்வது.

வாசலில் வாடகைக் காரின் ஒலிப்பான் கேட்டது. லின்ஸி மட்டைப் பையை எடுக்கக் குனிந்தாள். அதற்குள் டீகன் ஓடிவந்து பையை அவள் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள்.

"அறிவிருக்கா உனக்கு? இந்தத் தோளை வெச்சுக்கிட்டு இதைத் தூக்குவியா? இப்ப எப்படி இருக்கு, வலி குறைஞ்சிருக்கா?"

"பரவாயில்லை கண்ணு," என்றாள் லின்ஸி. "கொஞ்சம் தேவலை."

டீகன் பையை ஒரு தோளில் மாட்டி, பெட்டியை மறுகையில் தூக்கிக்கொண்டு, ஒவ்வொரு படியாகப் பார்த்து இறங்கினாள். லின்ஸி வெறுங்கையோடு அவள் பின்னால் இறங்கிப் போனாள்.